புகைக்கரியின் எடை

லிவர்பூல்
14 அக்டோபர் 1973

அன்புத் தம்பி மெய்லிருக்கு,

உன் ஊர் போர்த் லாஸில் ப்ரோதரோவின் தங்கும் விடுதியைப் பன்னிரண்டாயிரம் பவுண்டுக்கு விலை பேசி, ஆயிரத்து இருநூறு முன்பணமும் கொடுத்துவிட்டேன். காரியத்தைச் சொன்ன பிறகுதான் நலம் விசாரிப்பேன் என்பது உனக்குத் தெரியாததல்ல. நீ நலமா? மனைவி ஓல்வனும் குட்டி மகள் லவ்ரியும் நலமா? நான் நலம். செல்வின் நலம் என்று எழுதக் கை வரவில்லை. இத்தனை வருடக் கரித்தூளும் அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் மாட்டிய படத்தை ரசிப்பது போலப் பாவனை செய்கிறார். கடற்காற்று உள்ள ஊருக்குக் கூட்டிப் போ என்று மருத்துவர் சொல்லி ஒரு வருடமாகிறது.

உன்னை முன்கூட்டியே கேட்காததற்குக் காரணம், கேட்டால் நீ யோசிப்பாய். நீ யோசித்து முடிப்பதற்குள் வேறொருவன் வாங்கிவிடுவான். கடலடி எரிவாயு இங்கே வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருக்கிறது. நிலக்கரி வாங்குகிறவர்கள் எல்லாம் வயதானவர்கள். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேருகிறார்கள். தள்ளுவண்டியில் ஆரம்பித்து மூன்று லாரி வரை கொண்டுவந்த தொழில் கண் முன்னால் சுருங்குமுன் விற்றுவிட வேண்டும். நிலக்கரி யார்டைக் கேட்டு ஆள் வந்தாயிற்று.

விடுதியில் பதினான்கு அறைகள். உங்கள் அணுமின் நிலையத்தில் உலையை நிறுத்திப் பழுது பார்க்கும் காலத்தில் வெளியூர் ஃபிட்டர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். மற்ற நாளிலும் யாராவது வந்து தங்கிக்கொண்டே இருக்கிறார்கள். நிலையம் ஓடும்வரை அறை நிரம்பும். நானும் செல்வினும் அதே வீட்டு மேல்மாடியில் குடியிருக்கப் போகிறோம்.

கையில் இருப்பதெல்லாம் இதில் போகிறது. ஆகவே ஒரே ஒரு கேள்வி. அந்த உலைக்குள் இருக்கும் கரிக்கல்லைப் பார்த்துக்கொள்கிறவன் நீ. நிலையம் இன்னும் எத்தனை வருடம் ஓடும்? கட்டுரை வேண்டாம். ஒரு எண் எழுது, போதும்.

லவ்ரிக்கு என் முத்தம். காதை மூடும் தொப்பி போட்டு அனுப்பு.

உன் அக்கா
நெஸ்டா

*

போர்த் லாஸ்
28 அக்டோபர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. அத்தானின் உடம்பு பற்றிப் படித்து வருத்தமாக இருந்தது. இங்கே அனைவரும் நலம். லவ்ரி ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாள். முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. ஓல்வன் உன்னை மிகவும் விசாரித்தாள்.

விடுதியின் கூரையைப் பார்த்தாயா? இந்த ஊர்க் காற்றுக்குக் கற்பலகைகள் பறந்துவிடும். பின்பக்கச் சுவரில் ஈரம் இருப்பதாக முன்பு யாரோ சொன்னார்கள்.

நீ கேட்ட கேள்விக்கு: உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கேட்பவர்கள் எல்லோருக்கும் நாங்கள் சொல்வது இருபத்தைந்து வருடம்.

மழை விடவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
மெய்லிர்

*

லிவர்பூல்
18 நவம்பர் 1973

அன்புத் தம்பிக்கு,

நீ நலம் என்று எழுதியிருந்தாய். அதை நான் நம்பவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன். செல்வின் இருமுகிறார், சாப்பிடுகிறார், என்னைக் கிண்டல் செய்கிறார். அந்த வரிசையில்.

போன சனிக்கிழமை கூரையைப் பார்க்க போர்த் லாஸுக்கு வந்தேன். கூரை நன்றாக இருக்கிறது. ஈரமும் இல்லை. ப்ரோதரோ ஆட்டுக்கறிக் குழம்பு போட்டார். கறியை எண்ணிப் போடுகிற மனிதர். மேசையில் இரண்டு ஃபிட்டர்கள் இருந்தார்கள். ஒருவன், "வீட்ட வாங்கப் போறீங்களாமே அம்மா? கரண்டு செலவே இருக்காது. ராத்திரில நாங்களே மின்னுவோம்" என்றான். மற்றவன், "இவன் மின்னுறது பீரால" என்றான்.

"நிலையம் எப்படிப்பா ஓடுது?" என்று கேட்டேன்.

"ஓடுது, ஓடுது. உள்ளார இருக்குற கல்லுக்கு உங்க தம்பிதானே வைத்தியரு. அவரக் கேளுங்க. மனுசன் இந்தக் கோடைக்கு அப்புறம் எங்ககிட்ட சிரிக்கிறதே இல்ல."

சாப்பிட்ட பிறகு ப்ரோதரோ என்னைப் பின்பக்க ஜன்னலுக்குக் கூட்டிப் போனார். "கேக்குதா அந்தச் சத்தம்? உலைக்குள்ள காத்த ஊதுற எந்திரம். இந்த ஊர்ல தாலாட்டே அதான். அது ஓடுற வரைக்கும் நமக்குச் சோறு. அது நின்னுச்சுன்னா தொட்டில் பிள்ளைகூட முழிச்சுக்கும்" என்றார். கேட்டேன். காதில் கேட்பதை விடக் காலில்தான் அதிகம் தெரிந்தது. அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் ஒன்றையொன்று தொட்டு நடுங்கிக்கொண்டிருந்தன.

பிறகு உன் வீட்டுக்கு வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். வாசல் கொடியில் உன் சட்டைகள் மட்டும். பக்கத்து வீட்டு அம்மா சொன்னாள்: "லவ்ரியா? அவளும் ஓல்வனும் செப்டம்பர்லயே பாலாவுக்குப் போயிட்டாங்களே, பெரியம்மா வீட்டுக்கு. உங்களுக்குச் சொல்லலையா?"

லவ்ரி பள்ளிக்குப் போகிறாள் என்று எழுதினாய். எந்தப் பள்ளி, தம்பி? கடலிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியா?

அடுத்து, "எல்லோருக்கும் சொல்வது" என்று எழுதியிருந்தாய். நான் எல்லோரும் இல்லை.

சுரங்கத் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டுக் கூடுதல் நேர வேலையை நிறுத்திவிட்டார்கள். சரக்கு வருவது இப்போதே குறைகிறது.

பதில் போடு.

நெஸ்டா

*

போர்த் லாஸ்
9 டிசம்பர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. நீ வந்தபோது வீட்டில் இல்லாமல் போனது வருத்தம்.

ஓல்வனின் அக்காவுக்குக் கால் முறிந்துவிட்டது. உதவிக்கு ஆள் இல்லை. அதனால் ஓல்வன் போனாள்; லவ்ரியைத் தற்காலிகமாக அங்கேயே பள்ளியில் சேர்த்தோம். வேறொன்றும் இல்லை.

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். அத்தானை வெந்நீர் ஆவி பிடிக்கச் சொல். கிறிஸ்துமஸுக்கு ஓல்வன் திராட்சை ரொட்டி செய்து அனுப்புவாள்.

விடுதிக்கு மீதிப் பணத்தை வசந்த காலத்துக்கு முன் கொடுக்க வேண்டாம். கூரைதான் காரணம்.

மெய்லிர்

*

லிவர்பூல்
16 டிசம்பர் 1973

தம்பி,

நலமா என்று கேட்டு உன்னை மறுபடி பொய் சொல்ல வைக்க விரும்பவில்லை.

இங்கே எங்கள் ஜெபக்கூடத்துக்கு பாலாவிலிருந்து ஒருத்தி வந்திருந்தாள். ஓல்வனின் அக்கா கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "காலா? போன வாரம் ஏணி மேல ஏறி ஜன்னல் துடைச்சுக்கிட்டிருந்தாளே. அவ காலுக்கு என்ன?" என்றாள். கூரை நன்றாக இருக்கிறது என்று நான் எழுதிய பிறகும் கூரை என்கிறாய். நீ சின்ன வயதிலும் இப்படித்தான், ஒரே பொய்யை இரண்டு தடவை சொல்வாய்.

புதுச் சுரங்கத்துச் சரக்கை வாங்கப் போனால், விற்கிறவன் பேச்சை நான் கேட்பதில்லை. அவன் வீட்டு அடுப்பில் எந்தக் கரி எரிகிறது என்று எட்டிப் பார்ப்பேன். இதுவரை ஏமாந்ததில்லை. உன் விஷயத்தில் எட்டிப் பார்த்துவிட்டேன். நீ அந்த நிலையத்தின் நிழலில் வேலை செய்கிறாய், ஆனால் உன் பிள்ளையை அங்கே தூங்க வைப்பதில்லை.

உனக்குப் பயமாக இருக்கிறதா? ஆம், இல்லை. இரண்டில் ஒன்றை எழுது.

நெஸ்டா

*

லிவர்பூல்
13 ஜனவரி 1974

அன்புத் தம்பிக்கு,

ரொட்டி வந்தது. உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

இங்கே வாரத்தில் மூன்று நாள்தான் தொழிற்சாலைக்கு மின்சாரம். கடைகளில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு வியாபாரம். என் யார்டு வாசலில் காலையிலேயே வாளியோடு நிற்கிறார்கள். நேற்று ஒரு கிழவர், "ஒரு வாளி குடும்மா, பொண்டாட்டிக்குக் குளிருது" என்று கேட்டபோது கொடுக்க இல்லை. அணுமின் நிலையங்கள்தான் நாட்டைத் தாங்குகின்றன என்று வானொலியில் சொன்னார்கள். செல்வின், "பாத்தியா, உன் தம்பி கரி நம்ம கரிய ஜெயிச்சிருச்சு" என்று சிரித்துவிட்டு இருமினார். கைக்குட்டையை என்னிடம் காட்டாமல் மடித்து வைத்தார்.

ப்ரோதரோ கடிதம் போட்டிருக்கிறார். செஸ்டரிலிருந்து ஒருவன் அதிக விலைக்கு வந்திருக்கிறானாம். மார்ச் கடைசிக்குள் மீதியைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் முன்பணம் போய்விடும்.

எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. உன் அமைதிதான் இப்போது பயமாக இருக்கிறது. உயிரோடு இருக்கிறாய் என்றாவது எழுது.

நெஸ்டா

*

பாலா
27 ஜனவரி 1974

அக்கா,

இதைப் போர்த் லாஸில் தபாலில் போட மனம் வரவில்லை. படித்ததும் உன் அடுப்பில் போட்டுவிடு. நீங்கள் இருவரும் நலம்தானே? நான் உடம்பளவில் நலம்.

நீ கேட்டதற்கு: ஆம்.

எங்கள் உலையைப் பற்றி முதன்முதலில் சொன்னபோது, "இத்தனை பணம் போட்டு ஒரு கரிக்குவியலா?" என்று சிரித்தாய். அது சரிதான். கிராஃபைட்டும் கரிதான். அந்தக் கற்களை ஒன்றோடொன்று கோத்து வீட்டுயரத்துக்கு அடுக்கி, மேலிருந்து கீழ்வரை குழல் குழலாகத் துளை விட்டிருக்கிறது. பெரும்பாலான துளைகளில் எரிபொருள். சிலவற்றில் மட்டும், மேலே சங்கிலியில் தொங்கும் தண்டுகள். ஆபத்து வந்தால் பிடியை விட்டுவிடுவோம். தண்டுகள் தம் பாரத்தால் விழுந்து உலையை அணைத்துவிடும். துளை நேராக இருந்தால் போதும், வேறெதுவும் தேவையில்லை.

சூட்டை வெளியே கொண்டுவர கரியமில வாயுவை ஊதுகிறோம். நீ காலில் உணர்ந்த சத்தம் அதுதான். சாதாரணமாக அந்த வாயு கரியை ஒன்றும் செய்யாது. கதிர்வீச்சு நடுவே மட்டும் அதற்குப் பசி வந்துவிடும். தீயும் புகையும் இல்லாமல், கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கும். வெளியே பார்த்தால் அதே கல்தான். எடை மட்டும் குறையும். அதற்காகவே கட்டும்போது சின்னச் சின்னக் கரித்துண்டுகளையும் உள்ளே வைத்தார்கள். உலையை நிறுத்தும்போதெல்லாம் சில துண்டுகளை எடுத்து நிறுத்துப் பார்ப்போம். அதுதான் என் வேலை.

அரிப்பைக் குறைக்கச் சில வருடமாக வாயுவில் கொஞ்சம் மீத்தேன் சேர்க்கிறோம். நல்ல மருந்து. ஆனால் அதில் ஒரு பங்கு புகைக்கரியாக மாறிக் கல்லின் மேலும் துளைக்குள்ளும் படிகிறது. போன கோடையில் நிறுத்துப் பார்த்தபோது எடை குறையவே இல்லை என்று தராசு காட்டியது. அலுவலகத்தில் கேக் வெட்டினோம். ஓல்வன் செய்த கேக்.

செப்டம்பரில் ஒரு துண்டு இடுக்கியிலிருந்து நழுவியது. கல் விழும் சத்தம் வரவில்லை. காய்ந்த ரொட்டி போல விழுந்து இரண்டாயிற்று. உள்ளே கடற்பஞ்சு மாதிரி இருந்தது. படிந்த புகைக்கரியை மெல்லிய சூட்டில் எரித்து நீக்கிவிட்டு மறுபடி நிறுத்தேன். நூறில் மூன்று பங்கு போயிருக்கும் என்பது எங்கள் எண்ணம். பதினான்கு போயிருந்தது.

நிறுக்கும் முறையை முதல் வருடத்தில் எழுதினார்கள். அப்போது மீத்தேனும் இல்லை, புகைக்கரியும் இல்லை. பிறகு மருந்து சேர்த்தோம். தராசுப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உன் தொழிலில் சொன்னால், நனைந்த கரியை நிறுத்துவிட்டுச் சரக்கு அப்படியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

தலைமைப் பொறியாளரிடம் அன்றே சொன்னேன். "ஒரு துண்டு தானேய்யா ஒடைஞ்சுது? மத்ததையும் எரிச்சு நிறு, பாக்கலாம்" என்றார். நிறுத்தேன். பெரும்பாலும் அதே கதை. அதற்குள் கரித் தட்டுப்பாடு வந்துவிட்டது.

"தண்டு விழுதான்னு ஒரு தடவ விட்டுப் பாத்துடலாம் சார்."

"விட்டா உலை அணைஞ்சிரும். மறுபடி ஏத்த ரெண்டு மூணு நாளு. நாடே மெழுகுவத்தியில சாப்பிடுது மெய்லிர். அந்தக் கரண்ட உன் பாக்கெட்லேர்ந்து குடுப்பியா? அடுத்த நிறுத்தத்துல பாப்போம்."

அவர் கெட்டவர் இல்லை, அக்கா. அவர் மகள் போர்த் லாஸ் பள்ளியில்தான் படிக்கிறாள். அவளை அவர் எங்கும் அனுப்பவில்லை. நான் ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் என் பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மற்றப் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடும்போது நான் பாட்டுப் புத்தகத்தை விட்டுத் தலை நிமிர்வதில்லை.

அரித்துப் போன கல் விரியலாம். விரிந்தால் துளை கோணலாம். கோணினால் தண்டு மாட்டிக்கொள்ளலாம். அநேகமாக மாட்டாது. அநேகமாக எல்லாம் விழும். இதற்கு மேல் உறுதியான வார்த்தை என்னிடம் இல்லை. இரவில் அந்த எந்திரச் சத்தம் கேட்டால் தூங்க முடியவில்லை. கேட்காது போனால் என்ன ஆகும் என்று நினைத்தால் அதைவிட மோசம்.

மெய்லிர்

*

லிவர்பூல்
6 பிப்ரவரி 1974

அன்புத் தம்பிக்கு,

எரித்துவிட்டேன். செல்வினுக்கு மட்டும் படித்துக் காட்டினேன். அவருக்கு ஊர்க்கதை பேச மூச்சு இல்லை.

அவர் சொன்னது: "அவன இங்க வரச் சொல்லு. யார்ட வித்தாலும் வாங்குறவனுக்குக் கணக்கு எழுத ஆள் வேணும்." நானும் முதலில் அதையே எழுத நினைத்தேன். வா. இன்றைக்கே வா. மேல் அறை காலியாக இருக்கிறது. ஓல்வனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

எழுதிய பிறகு ஒன்று தோன்றுகிறது. நீ வந்துவிட்டால் அந்தக் கல்லைப் பற்றித் தொணதொணக்க அங்கே யார் இருக்கிறார்கள்? கேக் தின்றவர்கள்தான் மிச்சம். அதனால் வா என்றும் சொல்ல முடியவில்லை, இரு என்றும் சொல்ல முடியவில்லை. எனக்கு இப்படி ஆவது வழக்கமில்லை.

ப்ரோதரோவிடம் எதுவும் சொல்ல மாட்டேன். நீ போட்ட கையெழுத்து என் கையெழுத்து மாதிரி. ஆனால் "அநேகமாக" என்று எழுதிக் கொடுக்கும் சரக்குக்கு நான் முழு விலை கொடுத்ததில்லை. மார்ச் கடைசி வருகிறது. செல்வினை உயிரோடு வைத்திருக்க அந்தக் கடற்காற்றுக்குத்தான் கூட்டிப் போக வேண்டும்; அதே காற்றில் வேறென்ன வரும் என்று உன் கடிதத்துக்குப் பிறகு யோசிக்கிறேன்.

அந்தப் பொறியாளரை விடாதே. தினமும் கேள். கடன் வசூலிப்பது போலக் கேள். தலையைக் காட்டினாலே அவர் பாதை மாறிப் போக வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

நெஸ்டா

*

போர்த் லாஸ்
20 பிப்ரவரி 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆராதனைக்குப் போயிருந்தேன். வெளியே புயல். போதகர் ஜெபம் செய்துகொண்டிருந்தார், எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். திடீரென்று கால் அடியில் ஏதோ குறைந்தது. ஊதும் எந்திரத்தின் தாளம் மாறித் தாழ்ந்துகொண்டே போயிற்று. அடுத்த கணம் நிலையத்திலிருந்து நீராவி பீறிடும் ஓசை, வானம் கிழிந்தது போல. விளக்குகள் அணைந்தன. போதகர் ஆமென் சொல்லவில்லை. ப்ரோதரோ உட்பட அத்தனை பேரும் ஜன்னலைப் பார்க்கவில்லை, அக்கா. திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகளும் பார்த்தார்கள்.

ஓடினேன். புயலில் மின்கம்பி அறுந்து, உலை தானாகவே தண்டுகளை விட்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் உலையை ஓட்டுகிற ஹைடன் இருந்தான். எப்போதும் கேலி பேசுகிற தடியன். அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்து சுவரில் முதுகு ஒட்ட நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு தண்டுக்கும் பலகையில் ஒரு விளக்கு உண்டு.

"எல்லாம் விழுந்துச்சா?"

"ஒண்ணு தொங்குது."

"எது?"

"நீ சொல்லிக்கிட்டே இருந்த பக்கந்தான்டா, பாவி. பாதில நிக்குது. வரவே மாட்டேங்குது."

மற்றவை எல்லாம் விழுந்திருந்தன. உலையை அணைக்க அவை போதும். ஒன்று இரண்டு விழாவிட்டாலும் தாங்கும்படிதான் கட்டியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும், ஹைடனுக்கும் தெரியும். தெரிந்தும் இருவரும் அந்த ஒற்றை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். அடுத்ததும் இப்படி நின்றிருந்தால், அதற்கு அடுத்ததும் என்று மனம் எண்ணிக்கொண்டே போயிற்று. வெப்பமானியின் முள் இறங்கத் தொடங்கும் வரை அவன் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தான். விட்டபோது துணி ஈரமாக இருந்தது.

தலைமைப் பொறியாளர் நனைந்துகொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. பலகையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "நாளைக்குத் தராச எடு" என்றார்.

காமிராவை இறக்கிப் பார்த்தோம். ஒரு கல்லின் விளிம்பு பிளந்து துளைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. தண்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

இப்போது ஊரில் சத்தம் இல்லை. யாருக்கும் தூக்கம் வரவில்லை என்கிறார்கள்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

மெய்லிர்

*

லிவர்பூல்
3 மார்ச் 1974

அன்புத் தம்பிக்கு,

நலம் என்பதை முதல் வரியிலேயே எழுதினாயே, அதற்கு நன்றி. மீதியைப் படிக்க என்னால் முடிந்தது அதனால்தான்.

ஜெபக்கூடத்தில் எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஊர் எவ்வளவோ நாளாக உன் வாசல் கொடியில் தொங்கும் துணியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. நான் மட்டும்தான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன்.

செஸ்டர்காரன் விலகிவிட்டான். ப்ரோதரோ தொலைபேசியில் கூப்பிட்டு, "கரண்டு கம்பி அறுந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று நான் கேட்காமலே மூன்று தடவை சொன்னார்.

தராசு என்ன சொல்கிறது என்று எழுத வேண்டாம். நீ என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் எழுது.

நெஸ்டா

*

போர்த் லாஸ்
31 மார்ச் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு இப்போது எப்படி இருக்கிறது? இங்கே குளிர் குறைந்துவிட்டது.

நான் இங்கேயே இருக்கிறேன். பிளந்த கல் இருக்கும் துளையை இனிப் பயன்படுத்தப் போவதில்லை. உலையைக் குறைந்த சூட்டில்தான் ஓட்டுவார்கள். இனிமேல் புகைக்கரியை எரித்த பிறகே நிறுப்போம். செப்டம்பரில் உலையை மறுபடி நிறுத்தி எடை பார்ப்போம். தண்டுகளையும் விட்டுப் பார்ப்போம். தலைமைப் பொறியாளர் என் மேசைக்கு வந்து அவரே சொன்னார்.

நீ முதலில் கேட்ட எண் இப்போதும் என்னிடம் இல்லை.

நேற்று எந்திரத்தை மறுபடி ஓட்டினார்கள். ஊர்க்காரர்கள் தெருவுக்கு வந்து நின்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா, "அப்பாடா, இன்னிக்குத் தூங்கலாம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "லவ்ரி எப்பப்பா வருவா?" என்று கேட்டாள். தெருவே பதிலுக்குக் காத்திருந்தது. காற்று அதிகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மெய்லிர்

*

லிவர்பூல்
21 ஏப்ரல் 1974

அன்புத் தம்பிக்கு,

செல்வின் நேற்று வாசல் வரை நடந்தார். யார்டை விற்றாயிற்று, லாரிகள் போகும்போது அவர் பார்க்காமல் இருக்க ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன், அவரே எழுந்து திறந்து பார்த்தார். உன் உடம்பு எப்படி? ஓல்வனுக்கும் லவ்ரிக்கும் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன்.

ப்ரோதரோவிடம் மார்ச் கெடுவைத் தள்ளி வைக்கச் சொன்னேன். வேறு ஆள் இல்லாததால் தள்ளினார். வியாழக்கிழமை போய் உட்கார்ந்து பேசினேன். இந்தத் தடவை கறி தாராளமாக இருந்தது. மனிதர் பயந்திருக்கிறார் என்று அதிலேயே தெரிந்தது. என் நிபந்தனையைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பள்ளிக்கூடத்துக்கும் என் வீட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? உங்க தம்பி பொண்ணு வாய்ப்பாடு சொன்னாத்தான் எனக்குக் காசு வருமா?"

"ஆமா."

"அவ வரலைன்னா?"

"அட்வான்ஸ் உங்களுக்கு."

"காரணம் சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன். நீங்களும் கேக்க மாட்டீங்க. அன்னிக்கு ஜெபக்கூடத்துல நீங்க எந்தப் பக்கம் திரும்பிப் பாத்தீங்க?"

 அலமாரியில் குவளைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ப்ரோதரோ எழுந்து போய் ஒன்றிலிருந்து ஒன்றைத் தள்ளி வைத்தார். திரும்பி வந்து, "இருபத்தாறு வருசமா இங்க இருக்கேன். நான் எங்க போறது?" என்றார்.  கையை நீட்டினேன், பிடித்தார். அவர் கை குளிர்ந்திருந்தது. என்னுடையதும்தான்.

இனி அந்தக் கல்லைப் பற்றி நீ எனக்கு எதுவும் எழுத வேண்டாம், எனக்காக எந்த வாக்கையும் மீற வேண்டாம். ஆனால் ஒன்று. அக்காவின் பணம் போகிறதே என்று அந்தப் பிள்ளையை ஒரு நாள் முன்னதாகக் கூட்டிக்கொண்டு வந்தாயானால், அதன் பிறகு என் வாசலுக்கு வராதே. தராசு சொல்லி, நீயும் மனதார நம்பினால் மட்டும் கூட்டி வா. இல்லையென்றால் அவள் பாலாவிலேயே இருக்கட்டும். அந்தத் தெருவில் கேட்கிறவர்களுக்கும் அப்போது உண்மையைச் சொல்லிவிடு. அதுவரை அவர்கள் பிள்ளைகளும் அங்கேதான் தூங்குகிறார்கள்.

செல்வின் உனக்கு அன்பு சொல்லச் சொன்னார். லவ்ரியின் புதுப் பல் முளைத்துவிட்டதா?

உன் அக்கா
நெஸ்டா

பேசி முடித்தது இது: விலை பத்தாயிரத்து ஐந்நூறு பவுண்டு. ஆயிரத்து இருநூறு முன்பணம் கழித்து, மீதி ஒன்பதாயிரத்து முந்நூறு, லவ்ரியின் பெயர் போர்த் லாஸ் பள்ளியில் மறுபடி ஏறும் நாளில், ஒரே தவணையில். அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் ஏறாவிட்டால் முன்பணமும் அவருக்கு, வீடும் அவருக்கு.